கயிறு முறுக்கிய குளிர்காலக் குல்லா: இரண்டே ஊசியில் பின்ன ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கம்பளிக் குல்லாவா என்று சிரிப்பவர்கள் மார்கழியில் ஒருநாள், விடிகாலை ஐந்து மணிக்கு, ஓசூரை அடுத்த தளிப் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஓசூரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தளிக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று ஒரு பெயரும் உண்டு. அந்த நேரத்தில் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிப்பவர்களும் பால் கறக்கப் போகிறவர்களும் தலையில் ஏதாவது ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் நடமாடுவார்கள். பெரும்பாலும் துண்டு. கொஞ்சம் வயதானவர் என்றால் குரங்குக் குல்லா.

எங்கள் மாமனாரிடம் அப்படி ஒரு குரங்குக் குல்லா இருந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் அது தளர்ந்து, கண்ணை மறைக்கத் தொடங்கியது. அவருக்காகத்தான் இந்தக் கயிறு போட்ட குல்லாவைப் பின்னினேன். அத்தை கேட்ட ஒரே கேள்வி, காது மூடுமா என்பது. மூடும். அதற்காகவே கீழ்ப்பட்டையை 6 செ.மீ. வைத்திருக்கிறேன்.

நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மொட்டு மொட்டாகத் தெரியும் எதிர்ப் பின்னல்) இரண்டும் கைக்குப் பழகியவர்களுக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பில் கற்று மறந்தவர்களும் இதில் சேர்த்தி. இரண்டு மாலை சும்மா ஒரு துண்டைப் பின்னிப் பார்த்தால் விரல்களுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

முறுக்கு என்பது என்ன

கேபிள் என்று சொல்லப்படும் இந்தக் கயிறு வேலைப்பாட்டைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அதில் புதுக் கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) எதுவும் இல்லை. ஆறு நிட் கண்ணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் மூன்றைத் தனியே ஒரு குச்சியில் ஒதுக்கி, அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, ஒதுக்கியதை அப்புறம் பின்னுகிறோம். வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். சடை பின்னும்போது ஒரு கால் மற்றொரு காலின் மேல் ஏறிப் போவதைப் போல, மூன்று கண்ணி மூன்று கண்ணியின் மேல் ஏறிக்கொள்கிறது.

ஒதுக்கிய குச்சியைத் துணியின் பின்பக்கம் வைத்தால் கயிறு வலப்பக்கம் சாயும். முன்பக்கம் வைத்தால் இடப்பக்கம் சாயும். இந்தக் குல்லாவில் எல்லா முறுக்கும் பின்பக்கம் வைத்துச் செய்வதே. எனவே சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் ஒரே விடைதான்: பின்னால்.

எட்டு வரிசைக்கு ஒரு முறைதான் முறுக்கு வருகிறது. மற்ற ஏழு வரிசைகளிலும் எதிரே தெரியும் கண்ணியைப் பார்த்துப் போட்டால் போதும். நிட்டாகத் தெரிந்தால் நிட், மொட்டாகத் தெரிந்தால் பர்ல். காகிதத்தில் எழுதிய வரிசையைப் படித்துப் படித்துப் பின்னுகிறவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள் என்பது என் அனுபவம். துணியைப் படிக்கப் பழகுங்கள்.

இந்த வேலைப்பாட்டுக்குப் பேர்போனவை அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அரன் தீவுகள். ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தனிக் கயிறு உண்டு, கடலில் மூழ்கியவரை ஸ்வெட்டரை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்றொரு கதை உலகம் முழுவதும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் கிடையாது.

நூலும் ஊசியும்

தடிமன் நடுத்தரமாக உள்ள கம்பளி நூல் வேண்டும். கடையில் நிற்கும்போதே சோதித்துவிடலாம். ஸ்கேலில் 2.5 செ.மீ. நீளத்துக்கு நூலை இழுக்காமல், நெருக்காமல் சுற்றுங்கள். 9 அல்லது 10 சுற்று வந்தால் சரி. நம் பக்கத்துக் கடைகளில் குழந்தை ஸ்வெட்டருக்கான மெல்லிய அக்ரிலிக் நூல்தான் எளிதாகக் கிடைக்கிறது. அதில் 14, 15 சுற்று வரும். கவலை வேண்டாம், இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னலாம். எப்படிப் பார்த்தாலும் 100 கிராம் ஆகும். கயிறு வேலைப்பாடு வெற்றுப் பின்னலைவிட நூலை அதிகம் விழுங்கும். 150 கிராம் வாங்கி வைத்துக்கொள்வது நிம்மதி. ஒரே சாயத் தொகுதி எண் உள்ள உருண்டைகளாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பாதிக் குல்லாவில் நிறம் மாறும்.

கம்பளியா, அக்ரிலிக்கா? ஆட்டுரோமத்துக்கு இயல்பாகவே சுருள் உண்டு. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். கயிறு புடைத்து நிற்பது அந்தக் குணத்தால்தான். அக்ரிலிக் விலை குறைவு, துவைப்பது எளிது, ஆனால் நாளடைவில் தளரும். மாமனாரின் பழைய குல்லா தளர்ந்ததும் அதனால்தான். பாதிக்குப் பாதி கலந்த நூல் கிடைத்தால் அதுவே என் தேர்வு. இந்தப் பக்கத்துக் குரும்பர்கள் நெய்யும் கறுப்புக் கம்பளியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ரோமத்தில் எத்தனை முரடு உண்டு என்று தெரியும். அது போர்த்திக்கொள்ள, நெற்றியில் உரச அல்ல. வாங்கும் நூலைக் கழுத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அரித்தால் வேண்டாம்.

நிறம் வெளிறியதாக, ஒரே நிறமாக இருக்கட்டும். சாம்பல், சந்தனம், கடுகு மஞ்சள் எல்லாம் நன்றாக வரும். பலவண்ண நூலில் நீங்கள் போட்ட கயிறு உங்களுக்கே தெரியாது. கறுப்பில் பின்னினால் கண்ணும் போகும்.

ஊசி இரண்டு அளவு: கீழ்ப்பட்டைக்கு 3.75 மி.மீ., மேல் உடலுக்கு 4.5 மி.மீ. நம் ஊரில் புழங்கும் பழைய ஊசிகளில் மி.மீ. இருக்காது, எண்தான் இருக்கும். 3.75 என்பது 9 ஆம் எண், 4.5 என்பது 7 ஆம் எண். இந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 10 ஆம் எண் ஊசி 9 ஆம் எண்ணைவிட ஒல்லி. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர். வேடிக்கை என்னவென்றால் 4.5 மி.மீ. ஊசி மட்டும் இரண்டு கணக்கிலும் 7 தான்.

வட்ட ஊசி இருந்தால் தையல் இல்லாமலே பின்னலாம். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நேர் ஊசி பெரும்பாலான வீடுகளில் பீரோவுக்குள் எங்கேயாவது இருக்கிறது, அதை வைத்தே முடித்துவிடலாம். பின்னலைத் தட்டையாகப் போட்டுக் கடைசியில் முதுகுப் பக்கம் தைத்துக்கொள்வோம்.

முறுக்குக்கு ஒதுக்கிப் பிடிக்க ஒரு குச்சி வேண்டும். அதற்கென்று விற்கும் கேபிள் ஊசியைத் தேடி அலைய வேண்டாம். கொண்டை ஊசி போதும். கொண்டையில் செருகுகிற அதே இரண்டு கால் கம்பி. மூன்று கண்ணியை ஒரு காலில் மாட்டிவிட்டால் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. முனையில் பிசிறு இல்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பக் குச்சியையும் முயன்றிருக்கிறேன். நூலைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

இவை தவிர, தடித்த தையல் ஊசி ஒன்று, அளவு நாடா, நான்கைந்து ஊக்கு.

மாதிரித் துண்டு

இதைத் தவிர்த்தவர்கள் பிறகு குல்லாவைப் பேரனுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய ஊசியில் 26 கண்ணி ஏற்றுங்கள். 2 பர்ல், பிறகு ‘6 நிட், 2 பர்ல்’ மூன்று முறை. திரும்பும் வரிசையில் தெரிவதைப் போடுங்கள். 3, 11, 19 ஆம் வரிசைகளில் ஒவ்வொரு ஆறு நிட்டையும் முறுக்குங்கள். 24 வரிசை முடிந்ததும் அவிழாமல் முடித்து, நனைத்து, காயவைத்து அளவெடுங்கள்.

மூன்று கயிறும் மூன்று பள்ளமும் (கயிறுகளுக்கு இடையில் உள்ள 2 பர்ல்தான் பள்ளம்) சேர்ந்து, லேசாக இழுத்த நிலையில், 10 செ.மீ. இருக்க வேண்டும். அதாவது 24 கண்ணிக்கு 10 செ.மீ. இதே நூலில் வெற்றுப் பின்னலாக இருந்தால் 20 கண்ணியே 10 செ.மீ.க்குப் போதும். மூன்று கண்ணி இன்னொரு மூன்றின் மேல் ஏறி உட்காருகிறபோது அகலம் குறையத்தானே செய்யும்? கயிறு போட்ட எதற்கும் கண்ணி கூடுதலாக ஏற்றுவது இதனால்தான்.

10 செ.மீ.க்குக் குறைந்தால் ஊசியை ஒரு அளவு தடிப்பாக்குங்கள், கூடினால் மெலிதாக்குங்கள்.

அளவு

குல்லா தலையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இழுபட்டு நிற்பதால்தான் அது நழுவாது. தலைச் சுற்றளவு 55 செ.மீ. என்றால் குல்லா 50 செ.மீ. இங்கே கொடுத்திருக்கும் கணக்கு அதற்கானது: 15 கயிறு, 120 கண்ணி, தையலுக்கு ஓரத்தில் இரண்டு, ஆக 122. ஒரு கயிறும் அதன் பள்ளமும் 8 கண்ணி, 3.3 செ.மீ. பெரிய தலைக்கு ஒரு கயிறு கூட்டி 130 கண்ணி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 13 கயிறு, 106 கண்ணி.

கீழ்ப்பட்டை

மெல்லிய ஊசியில் 122 கண்ணி ஏற்றுங்கள். இரட்டை நூல் முறையில் (உருண்டை நூலையும் அதன் நுனி நூலையும் சேர்த்து ஏற்றுவது) ஏற்றுவதானால் வாலுக்கு, அதாவது நுனி நூலுக்கு, இரண்டரை மீட்டர் விடுங்கள். 110 ஆவது கண்ணியில் வால் தீர்ந்துபோய் எல்லாவற்றையும் உருவியிருக்கிறேன், இரண்டு முறை. இறுக்கி ஏற்றாதீர்கள். நெற்றியில் கோடு விழும்.

வெளிப்பக்க வரிசை: 1 நிட், 1 பர்ல், பிறகு ‘2 நிட், 2 பர்ல்’ 29 முறை, 2 நிட், 1 பர்ல், 1 நிட்.

உள்பக்க வரிசை: 1 பர்ல், 1 நிட், பிறகு ‘2 பர்ல், 2 நிட்’ 29 முறை, 2 பர்ல், 1 நிட், 1 பர்ல்.

இந்த இரண்டையும் மாற்றி மாற்றி 18 வரிசை. ஏறத்தாழ 6 செ.மீ. வரும். வானொலியைப் போட்டுவிட்டுச் செய்கிற வேலை இது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

உடல்

பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

1 ஆம் வரிசை: 1 நிட், 1 பர்ல், 6 நிட், பிறகு ‘2 பர்ல், 6 நிட்’ 14 முறை, 1 பர்ல், 1 நிட்.

பட்டையில் பர்லாக இருந்த பள்ளங்களில் ஒன்றுவிட்டு ஒன்று இப்போது நிட்டாக மாறிவிடும். அப்படி மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். கயிறுகள் பட்டையின் கோடுகளிலிருந்தே முளைத்து எழுந்தது போல இருக்கும். எனக்கு இந்தக் குல்லாவில் மிகவும் பிடித்த இடம் அது.

2 ஆம் வரிசை: தெரிவதைத் தெரிவதாகவே.

3 ஆம் வரிசை, முறுக்கு: 1 நிட், 1 பர்ல். இப்போது முதல் கயிறு. மூன்று கண்ணியைப் பின்னாமல் கொண்டை ஊசிக்கு மாற்றி, துணியின் பின்பக்கம் தொங்கவிடுங்கள். இடது ஊசியில் உள்ள அடுத்த மூன்றை நிட் போடுங்கள். முதல் கண்ணிக்கு முன் நூலைச் சற்று இழுத்துப் பிடித்தால் ஓட்டை விழாது. பிறகு கொண்டை ஊசியில் இருப்பதை, வரிசை மாறாமல், மூன்று நிட். ஒரு முறுக்கு முடிந்தது. 2 பர்ல், அடுத்த முறுக்கு. இப்படி 15 கயிறு, கடைசியில் 1 பர்ல், 1 நிட்.

இந்த வரிசை கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் முறை ஊசி முறிந்துவிடுமோ என்று தோன்றும். அடுத்த வரிசையில் சரியாகிவிடும்.

4 முதல் 8 வரை: தெரிவதை அப்படியே.

இந்த எட்டு வரிசையை மொத்தம் நான்கு முறை செய்ய வேண்டும், 32 வரிசை. முறுக்கு விழுவது 3, 11, 19, 27 ஆம் வரிசைகளில். ஒவ்வொரு முறுக்கு வரிசையின் ஓரத்திலும் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள். பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டு வந்தால், ஊக்கிலிருந்து மேலே எண்ணிக்கொள்ளலாம். முறுக்கு எப்போதும் வெளிப்பக்க வரிசையில்தான் விழும். உள்பக்கம் பார்த்துக்கொண்டு கொண்டை ஊசியை எடுத்தீர்கள் என்றால் கணக்கு எங்கோ தவறிவிட்டது.

தவறாக முறுக்கிவிட்டால்

மாமனாரின் குல்லாவில் ஒன்பதாவது கயிறு, மூன்றாவது முறுக்கு. மின்சாரம் போன நேரத்தில் குச்சியை முன்பக்கம் வைத்துவிட்டேன். பத்து வரிசை கழித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தால், எல்லாக் கயிறும் வலப்பக்கம் சாய, அது ஒன்று மட்டும் இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. முழுவதையும் உருவ வேண்டியதில்லை.

வெளிப்பக்கம் பார்த்தபடி, அந்தக் கயிறு வரைக்கும் பின்னி வாருங்கள். அதன் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறிய முறுக்கு வரை கீழே அவிழுங்கள். இடையில் ஏணிப்படி போல நூல்கள் குறுக்கே நிற்கும். அடியில் உள்ள ஆறு கண்ணிகளைச் சரியான வரிசையில், முதல் மூன்று பின்னால் போகும்படி, ஒரு குட்டை ஊசியில் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தேய்த்து வைத்திருந்தால் அது அருமையாக உதவும். பிறகு அடிப்படியில் தொடங்கி, ஒரு படிக்கு ஒரு வரிசையாக, ஆறு கண்ணியையும் நிட் போட்டு மேலே ஏறி வாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் வலப்பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். படியைத் தாண்டிவிடாதீர்கள். கடைசிக் கண்ணிகள் கொஞ்சம் தளர்ந்தோ இறுகியோ தெரியும். நனைத்துக் காயவைத்தால் அடங்கிவிடும்.

எனக்கு இதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடர்நிற நூல் என்றால் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன்.

உச்சி

32 வரிசை முடிந்தபோது அடியிலிருந்து ஏறத்தாழ 17 செ.மீ. இருக்கும். இனிக் கண்ணியைக் குறைத்துக்கொண்டே போய் உச்சியை மூட வேண்டும். வரிசை எண்ணை மீண்டும் 1 என்று தொடங்குகிறேன். இரட்டை எண் வரிசைகள் எல்லாம் உள்பக்கம்; தெரிவதைப் போட்டால் போதும்.

1: 1 நிட், 1 பர்ல், 6 நிட், ‘இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், 6 நிட்’ 14 முறை, 1 பர்ல், 1 நிட். மிச்சம் 108 கண்ணி.

3: பள்ளத்துக்கு ஒரே பர்ல், ஒவ்வொரு கயிற்றையும் வழக்கம்போல் மூன்றுக்கு மூன்று முறுக்குங்கள். 108 தான்.

5: ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டைச் சேர்த்து நிட், 2 நிட், இரண்டைச் சேர்த்து நிட். கயிறு ஆறிலிருந்து நான்காகும். மிச்சம் 78.

7: இரண்டுக்கு இரண்டாக முறுக்குங்கள். இதுவே கடைசி முறுக்கு. இந்த ஒன்றை விட்டுவிட்டுச் சும்மா குறைத்துக்கொண்டு போகும் வடிவமைப்புகள் உண்டு. அவற்றில் கயிறு உச்சிக்கு முன்பே செத்துவிடும்.

9: ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டைச் சேர்த்து நிட், இரு முறை. மிச்சம் 48.

11: கயிற்றில் மிஞ்சிய இரண்டையும் சேர்த்து ஒரே நிட், இடையில் 1 பர்ல். மிச்சம் 33.

13: 1 நிட், பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து நிட், 16 முறை. மிச்சம் 17.

ஒவ்வொரு குறைப்பு வரிசைக்குப் பிறகும் எண்ணிப் பாருங்கள். வேறு எங்கும் எண்ணாவிட்டாலும் இங்கே எண்ண வேண்டும்.

நூலை 70 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 17 கண்ணிகள் வழியாகவும் இரண்டு முறை ஓட்டி, சுருக்குப் பையை இழுப்பது போல இறுக்குங்கள்.

தையல்

அதே நூலில் உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தைக்கலாம். வெளிப்பக்கம் உங்களைப் பார்க்க, இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓரத்து நிட் கண்ணிக்கும் அதையடுத்த பர்லுக்கும் இடையில் விரலால் விலக்கினால் குறுக்கே சின்னச் சின்ன நூல்கள் தெரியும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஊசியை அவற்றின் அடியில் விட்டு வாருங்கள். ஐந்தாறு தையலுக்கு ஒரு முறை நூலை மெல்ல இழுத்தால் இரண்டு ஓரமும் தாமாகவே சேர்ந்து, ஓரத்து நிட் கண்ணிகள் உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பர்ல் விட்டுவைத்தது இதற்காகத்தான்: அவை இரண்டும் சேர்ந்து மற்றவை போன்ற ஒரு பள்ளமாகிவிட, தையல் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

நனைத்துக் காயவைத்தல்

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, குல்லாவை இருபது நிமிடம் ஊறவையுங்கள். கசக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. துண்டில் சுருட்டி மேலே ஏறி நின்றால் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு தலை அளவுள்ள ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் குல்லாவை மாட்டி, நிழலில் விடுங்கள். கீழ்ப்பட்டை மட்டும் பாத்திரத்துக்கு வெளியே தளர்வாகத் தொங்கட்டும். அது இழுபட்டுக் காய்ந்தால் பிறகு காதைப் பிடிக்காது. ஓசூர்க் குளிரில் முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். ஒரு நொடியில் கயிறெல்லாம் தட்டையாகிவிடும், பிறகு எந்த மருந்தும் கிடையாது.

உச்சியில் குஞ்சம் வைப்பது உங்கள் விருப்பம். நான் வைக்கவில்லை. இன்னொன்று: இதைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் மாட்டாதீர்கள். புடைத்த கயிறுகளின் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. வண்டியை நிறுத்திய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

பங்குனி வந்ததும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோடு பையில் கட்டி வைத்தேன். இந்தக் கார்த்திகையில் எடுத்தபோது அப்படியே இருந்தது. மாமனார் அதைத் தையல் முன்னால் வரும்படிதான் போட்டுக்கொள்கிறார், நேராக விபூதிக்கு மேலே. முதல் வாரம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன், தையல் எங்கே இருக்கிறது என்று நானே குனிந்து தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.